லீவில் இருந்தவனோடு சண்டை

நாலு ஊரில் பார்த்த வேலைகளை விட்டுவிட்டு, புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கச் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் வந்த செல்வத்தை முதலாளி மேஸ்திரி ஆக்கியதும் எனக்கு வயிறு எரிந்தது. என் கையில் முட்டைகள் அடிக்கடி உடைந்தன. இனி ஒரு அட்டை முட்டை உடைந்தால் வேலை இல்லை என்றார் முதலாளி.

மறுநாள், "காக்கா பிடித்தே மேலே போனவன்" என்று அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே அட்டையைத் தூக்கினேன். கை நழுவி அத்தனை முட்டையும் உடைந்தது.

கூட வேலை செய்த பழனியம்மாக்கா கேட்டார்: "ஏஞ்சாமி, காத்தாலேருந்து வாய் முணுமுணுங்குது. ஆருகூடச் சண்டை?"

"அந்தச் செல்வங்கூடத்தானுங்க."

"அவன் இன்னிக்கு லீவாச்சே!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுவந்த ஒவ்வொரு வேலையிலும் இப்படித் திட்டுவதற்கு ஒருவன் இருந்தது நினைவுக்கு வந்தது.

மாலையில் முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் அது உள்ளே பேச ஆரம்பித்தால், இப்போது அது என் காதில் விழுகிறது.