சுவர் என்று படித்த கடிதம்

அத்தை வீட்டுக்குப் பின்னால் முன்பு கடல் இருந்தது. இப்போது அங்கே நான்கு வழிச் சாலை போகிறது. பினாங்குத் தீவின் தென்கோடியில் ஒரு மீனவக் கம்பம், அதாவது கிராமம், அது. நீர் வற்றும் நேரத்தில் அத்தை, பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்களோடு சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்கிச் சந்தையில் விற்பார். அதுதான் அவர் பிழைப்பு. நீர் ஏறும் நாட்களில் அதே கடல் சமையலறைக்குள் வந்து பாத்திரங்களை மிதக்கவிடும். ஒரு சுவர் கட்டித் தரச் சொல்லி அத்தை கேட்காத ஆளில்லை.

நான்காம் வகுப்பு விடுமுறைக்கு நான் போயிருந்தபோது, வீடு வீடாக ஒரு மலாய்க் கடிதம் வந்தது. அத்தைக்கு மலாய்ப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு, படிக்கத்தான் வராது. கையெழுத்து மட்டும் போடுவார். தமிழ்ப்பள்ளியில் மலாய்ப் பாடத்தில் நான் கெட்டி என்று எனக்கு நினைப்பு. கடிதத்தில் 'தம்பாக்' என்றிருந்தது. அப்படி ஒரு சொல்லை நான் கேள்விப்பட்டதில்லை. 'தெம்போக்' தெரியும், சுவர். அச்சில் பிழை விட்டிருக்கிறார்கள் என்று பெரிய மனது பண்ணித் திருத்திப் படித்தேன். கடலோரம் சுவர் கட்டப் போகிறார்கள், சம்மதமா என்று கேட்கிறார்கள் என்றேன்.

அத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். சம்மதம் என்ற கட்டத்தில் என்னையே கோடு போட வைத்து, கையெழுத்திட்டார். எனக்குப் பரிசாக, சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் காச்சாங் ஒரு கிண்ணம் கிடைத்தது. மறுநாள் ஆட்கள் வந்து தாளை வாங்கிப் போனார்கள்.

வார இறுதியில் என்னை அழைத்துப்போக அப்பா வந்தார். எல்லா வீடும் மறுத்திருக்க, சம்மதித்தது அவருடைய அக்கா மட்டும்தான் என்று வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். தம்பாக் என்றால் கடலில் மண் கொட்டித் தரையாக்குவது என்று அப்பா அத்தையிடம் சொன்னார். சேறு போய்விடும், சிப்பியும் போய்விடும். இரண்டே எழுத்துக்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று எனக்குத் தோன்றியது. பள்ளியில் ஒரு மதிப்பெண்தான் குறைப்பார்கள்.

"யாரு அக்கா இத ஒனக்குப் படிச்சுச் சொன்னது?" என்று அப்பா கேட்டார்.

"யாரும் இல்லலா தம்பி. நானேதான் படிச்சேன்."

அத்தைக்கு ஓர் எழுத்தும் வராது என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. அவர் என்னைப் பார்த்தார். என் பையை எடுத்துக் காரில் வைக்கப் போனார்.

எனக்கு வந்ததே கோபம். முழுக் கடிதத்தையும் தடுமாறாமல் படித்தது நான், பெயரைத் தட்டிக்கொண்டு போவது அத்தையா? அந்தக் கோபத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. கார் கிளம்பியபோது அத்தை வெயிலில் நின்று கையசைத்தார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.