சின்னதுரைக்குக் கட்டிய பரிவட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். பெரிய துணிக்கடை ஒன்றில் மேனேஜ்மென்ட் ட்ரெயினியாகச் சேர்ந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. பெயர்தான் மேனேஜ்மென்ட். ஷட்டர் தூக்குவதில் ஆரம்பித்துக் கடை சாத்தும்வரை நின்றபடியே வேலை. மழையில் நனைந்து வந்தவள் ஷூவையும் சாக்ஸையும் அடுப்படிக் கதவோரம் காயப்போட்டாள். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த நாற்றம் நெடுநாள் பார்க்காத சொந்தக்காரர் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"ஏனுங்கப்பா, இந்த வேலைல இருக்கட்டுமா, உட்டுட்டு வந்தரட்டுமா?" என்று கேட்டாள்.

"மொதல்ல சாப்புடு கண்ணு" என்றேன். அவளிடம் சொல்ல வராததை உங்களிடம் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் நானும் ட்ரெயினிதான். பந்தலூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. நல்ல காலத்தில் அந்த வேலைக்கு இங்கிலீஷ் பேசும் பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்களாம். அவர்கள் வராமல் போனதால், பி.காமில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருந்த எனக்கு இடம் கிடைத்தது. "எஸ் சார்", "ரெயின் சார்" இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். மேனேஜர் என்றால் பெரியதுரை, ட்ரெயினி என்றால் சின்னதுரை. துரை என்றால் காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால்வரை சாக்ஸ். சாக்ஸுக்குள் அட்டை ஏறிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் ரத்தம். விடியும்போதே பெரட்டு. மஞ்சுக்குள் ஆட்கள் வரிசையாக நிற்க, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துவிட வேண்டும். முதல்நாளே கொழுந்து எடுக்கும் ராக்கம்மா என் காலைப் பார்த்துவிட்டாள்.

"என்னா சின்னதொரை, காலா இது, கவ்வாத்து வெட்டுன குச்சியா?"

பெரட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ராக்கம்மா சிலோனில் தேயிலைக் காட்டிலேயே பிறந்தவள். அங்கிருந்து அனுப்பிவிட்டபோது புருஷனோடு இங்கே வந்தவள். புருஷன் செத்த பிறகு மகன் செல்வத்தோடு, எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு ஒன்றில் இருந்தாள். வேலையும் அந்த வீடும்தான் அவளுக்கு இந்த நாட்டில் இருந்த பிடிமானம்.

குளிருக்குப் பயந்து குளிக்காமல் பெரட்டுக்குப் போன நாட்கள் உண்டு. முருகன் மன்னிக்கட்டும். திருநீறு பூசாமல் போன நாள் இல்லை. மேனேஜர் அதைப் பார்த்துச் சிரிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். கெட்டவர் இல்லை அவர். சாப்பிடக் கூப்பிட்டுத் தன் தட்டிலிருந்து எடுத்துவைப்பார். ட்ரெயினிக்குக் குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் கிடையாது. கன்ஃபர்ம் ஆனால்தான். மாசமாக இருந்த மனைவி மேட்டுப்பாளையத்தில் அவள் அப்பா வீட்டில் காத்திருந்தாள். அட்டைக் கடியையும் வசவையும் நான் பொறுத்துக்கொண்டதெல்லாம் அதற்காகத்தான்.

சித்திரையில் எஸ்டேட் மாரியம்மனுக்குத் திருவிழா. கரகம் ஓடையில் ஜோடித்து வந்து ஃபேக்டரி கேட்டில் நிற்கும். பெரியதுரைக்குப் பரிவட்டம் கட்டுவார்கள், அவர் தேங்காய் உடைப்பார். அப்போது ஜனங்கள் ஒரே ஒரு கோரிக்கை கேட்பார்கள். தண்ணீர்க் குழாய், கூரைத் தகடு, இப்படி ஏதாவது. கரகத்துக்கு முன்னால் துரை சரி என்றால் சரிதான். மாற்றிப் பேசிய துரை இல்லை என்பார்கள்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு முந்தினநாள் மேனேஜர் என்னை ஆபீஸுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, அடுத்த வாரம் ஃபேக்டரியப் பூட்டறாங்க. எஸ்டேட்டே நிக்குது. வாயத் தொறக்காத. நாளைக்கு எனக்கு முட்டிவலி. நீ போய் நின்னுக்க."

"கேட்டா என்னங்க சார் சொல்றது?"

"மேலிடத்துக்குச் சொல்றேன்னு சொல்லு. அது பொய்யில்ல. உன் கன்ஃபர்மேஷன் என் கையிலதான் இருக்கு. கெடுத்துக்காத."

மறுநாள் பூசாரி முத்தையா எனக்குப் பரிவட்டம் கட்டினார். துணி சுற்றிச் சுற்றி வந்தது. "தொரை சின்னதுன்னா தலையுமா சின்னதா இருக்கும்?" என்றார். பெண்கள் வாயை மூடிச் சிரித்தார்கள். தேங்காய் உடைத்தேன். பறை நின்றது. கேட்கும் முறை அன்றைக்கு ராக்கம்மாவுடையது. அவள் சிரிக்கவில்லை.

"இந்த வருசம் கொழா வேணாம், தகடு வேணாம். எங்களுக்கு இங்க வேல இருக்கா, இல்லியா? அத மட்டும் ஆத்தா முன்னால சொல்லிருங்க சின்னதொரை."

மேலிடம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கரகம் கண்ணுக்கு நேரே நின்றது. ஈர மஞ்சளும் வேப்பிலையும் அப்படி மணத்தன. வயிற்றுப் பிள்ளையோடு என் மனைவி ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்து போனாள். பிறகு அம்மன்தான் தெரிந்தாள்.

"இல்லீங்க. அடுத்த வாரம் பூட்டறாங்க" என்றேன்.

ராக்கம்மா கிட்டே வந்து, கரகத்துத் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் இட்டாள். "உள்ளதச் சொன்னீங்க. புள்ளகுட்டியோட நல்லா இருப்பீங்க."

அந்த வாரமே லைன் காலியாக ஆரம்பித்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு முந்திக்கொண்டு போனால்தான் இடம் கிடைக்கும் என்று பேச்சு. லாரியில் பாத்திரம், கோழி, சாமி படம், கிழவர்கள் எல்லாம் ஒன்றாக ஏறின. முதல் லாரியிலேயே ராக்கம்மாவும் மகனும். போகிற வழியில் ஆபீஸில் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுப் போனாள்.

மேனேஜர் கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்றுதான் போனேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நாமளா ஒருத்தரையும் எறக்கல. தானாக் காலி பண்ணிட்டுப் போனவங்க திரும்பி வந்து வீட்டக் கேக்க முடியாது. கம்பெனிக்குச் சுமை பாதி கொறஞ்சுது. ஆபீஸ் கணக்க முடிக்க ஆள் வேணும், நீ கன்ஃபர்ம்."

எனக்கு விளங்கவில்லை. "வாயத் தொறக்காதன்னு சொன்னீங்களே சார்?"

"உன் நெத்தியில இருக்கற திருநீறப் பாத்துட்டுத்தான் தம்பி உன்னய அனுப்புனேன்."

சினிமாவில் என்றால் அந்தக் காகிதத்தைக் கிழித்து எறிந்திருப்பேன். நான் எறியவில்லை. அந்த மாதமே குவார்ட்டர்ஸ் கிடைத்து மனைவி மேலே வந்தாள். ஜனங்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த லாரியில்தான் எங்கள் கட்டிலும் பீரோவும் ஏறி வந்தன. ஆறேழு மாதத்தில் ஆபீஸையும் பூட்டினார்கள். கைக்குழந்தையோடு நாங்களும் இறங்கினோம். மேட்டுப்பாளையத்தில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்தேன். அதில்தான் இன்றுவரை சோறு. அம்மனிடம் நான் இதைப்பற்றி ஒன்றும் கேட்டதில்லை. அதே இடத்தில் அதே கேள்வி என்றால், இப்போதும் வாயில் வேறு வராது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு சித்திரைக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காகப் பந்தலூர் போனபோது எஸ்டேட்டையும் எட்டிப் பார்த்தேன். ஃபேக்டரியை இரும்புக்கு விற்றுவிட்டார்கள். கேட் இருந்த இடத்தில் புதர். மேனேஜர் பங்களாவில் மரம் முளைத்திருக்கிறது. டீச்செடிகள் கவ்வாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு மேல் மரமாக நிற்கின்றன. பெரட்டுக் களம் எது என்று எனக்கே தெரியவில்லை. லைன் மட்டும் அப்படியே இருக்கிறது. போக இடமில்லாமல் அன்றைக்கு உட்கார்ந்துவிட்டவர்களின் வீடுகள். கரண்ட் இல்லாமல் தண்ணீர் இல்லாமல் கிடந்து, யார் யார் காலிலோ விழுந்து, கடைசியில் வீடு அவர்களுக்கே நிலைத்துவிட்டது. கூரையில் டிவி டிஷ், வாசலில் பேரப்பிள்ளைகள். ராக்கம்மா வீட்டிலும் யாரோ குடியிருக்கிறார்கள். அடுப்புப் புகை வந்தது.

அதற்குக் கொஞ்சநாள் கழித்துக் கடைக்குச் சரக்கெடுக்கத் திருப்பூர் போனேன். ஒரு பனியன் கம்பெனி வாசலில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "சின்னதொரைதானுங்க?" என்றார். செல்வம். தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

"அம்மா போய்ச் சேந்துருச்சுங்க. வாடக வீடு மாத்தி மாத்தியே அதுக்குக் காலம் போச்சு. ஆனா கடசி வரைக்கும் உங்களச் சொல்லும். மத்த தொரைங்கல்லாம் மூடி மறச்சாங்க, அந்தப் புள்ள ஒருத்தந்தான் ஆத்தா முன்னால உள்ளதச் சொன்னான்னு."

டீ வாங்கிக் கொடுத்தார். கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நம்ம லைனெல்லாம் இப்ப என்னாச்சுங்க? யாராச்சும் இருக்காங்களா?"

"அதெல்லாம் இடிஞ்சு போச்சுங்க தம்பி" என்றேன். "ஒரு செவுருகூட இல்ல."

அவர் தலையாட்டிக்கொண்டார். "அப்ப அம்மா அன்னிக்கே கெளம்புனது சரிதான்."

"ஆமாங்க" என்றேன்.