கூரையில்லாத அரண்மனையில் போகிப் படையல்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது விடுதலை, கிடைத்த பிறகு முதல் பொங்கல் வந்தபோது நான் ஸ்காட்லாந்தில் தாதிப் பயிற்சியில் இருந்தேன். எங்கள் விடுதிக்குக் கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரி. அதன் கரையில் எப்போதோ கூரை எரிந்துபோன பழைய அரண்மனை. ராஜாக்கள் இருந்த இடம் என்றார்கள்.

என்னோடு பயிற்சியில் இருந்தவள் காஜா பெராங்கில் உள்ள செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்த பெண். என் வீடும் காஜா பெராங்தான். ஆனால் ஊரில் இருந்தவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அந்தச் செட்டிகள் பல தலைமுறையாக மலாய் பேசிவரும் இந்துக்கள். “சாமி நம்ம சாமி, பேச்சு மட்டும் மலாய்” என்று எங்கள் வீட்டில் ஒரு மாதிரியாகச் சொல்வார்கள். கப்பலில்தான் முதன்முதலாகப் பேசினோம், அதுவும் மலாயில்; பிறகும் அப்படித்தான். என்னை அக்கா என்று அழைப்பாள்.

முந்தின ஆண்டு அவளுடைய அப்பா தவறிவிட்டார். போகியன்று இறந்தவர்களுக்குப் படையல் போடுவது அவர்கள் வழக்கம். விடுதிக் கண்காணிப்பாளரோ அறையில் சாம்பிராணி போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“வெளியில எங்கயாச்சும் படைச்சிடலாம் அக்கா. அரண்மனை பக்கம் காத்து அடிக்காத எடம் இருக்கும்,” என்றாள்.

அன்று காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. விடுதி அடுப்பில் சோறு வடித்து, முட்டை அவித்து, என் அம்மா ஊரில் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் வாங்கி அனுப்பிய மிளகாய்த்தூளில் சார்டின் மீன் சம்பால் செய்தோம். கூடத்துக் கணப்பிலிருந்து நாலைந்து கங்குகளைக் கொக்கோ டின்னில் போட்டுக்கொண்டோம். கால் குளிராமலிருக்கச் சப்பாத்துக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு கிளம்பினோம்.

அரண்மனைச் சுவரை ஒட்டியே நடந்தோம். பனி கணுக்கால் வரை புதைந்தது. ஏரிப் பக்கம் காற்று முகத்தில் அறைந்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஓரத்தில் மட்டும் உறைந்திருந்தது. மேலே, கண்ணாடியில்லாத ஜன்னல்கள் ஒவ்வொன்றிலும் பனி குவிந்து கிடந்தது. சரிவில் அவள் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். சோற்றுப் பாத்திரத்தை மட்டும் விடாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். எழுப்பிவிட்டு டின்னைத் திறந்து பார்த்தால் கங்கு அணைந்து போயிருந்தது. எனக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது.

வாசலுக்கு வந்தபோது காவலாளியின் சிறிய அறையிலிருந்து புகை வந்தது. கதவைத் தட்டினோம். வயதான மனிதர். விஷயத்தைச் சொல்லிக் கொஞ்சம் நெருப்பு கேட்டேன்.

“எந்த ஊர் நீங்கள்?”

“மலாயா.”

“என் பையன் பட்டாளத்தில் அங்கேதான் இருந்தான். வெயிலைத் திட்டாத நாளில்லை,” என்றார். மண்வாரியில் கங்குகளை அள்ளிக்கொண்டு, பூட்டியிருந்த கதவைத் திறந்து எங்களை உள்ளே அழைத்துப் போனார்.

பெரிய மண்டபத்தின் கோடியில் ஆள் நிற்கும் உயரத்துக்கு ஒரு கணப்பு இருந்தது. மண்டபத்துக்குக் கூரை இல்லை. கணப்புக்குள் மட்டும் பனி விழவில்லை. வாழையிலைக்குப் பதில் பீங்கான் தட்டில் பரிமாறினோம். அவள் சாம்பிராணி போட்டுக் கைகூப்பி, “அப்பா, மாரி, மாக்கான்,” என்று மலாயில் சாப்பிடக் கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் தமிழ்ல கூப்பிடுங்க அக்கா. எங்க வீட்டுல தமிழ் தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து பூசை பண்ணுவாரு,” என்றாள்.

எனக்கு மந்திரமெல்லாம் தெரியாது. “வாங்கப்பா, சாப்பிடுங்க,” என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள். காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

படைத்ததை மூவரும் சாப்பிட்டோம். சம்பால் காரத்தில் காவலாளிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜன்னலிலிருந்து ஒரு பிடி பனியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

பயிற்சி முடிந்து நான் ஊர் திரும்பினேன். அவள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் ஊர் வந்த வாரமே செட்டிக் கம்பத்துக்குப் போய் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “சோறு சூடா இருந்துச்சா?” என்றார்.

“இல்லம்மா, ஆறிப்போச்சு.”

“அது போதும். அவருக்குச் சூடா சாப்பிடவே புடிக்காது,” என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேநீர் போட உள்ளே போனார்.