பாஸ்கர் அண்ணா மிச்சம் வைத்த கடைசிப் பாட்டு

பாஸ்கர் அண்ணா போய்விட்டார்.

காலையில் அவர் மனைவி செல்வி அக்கா போன். "உங்க அண்ணன் எந்திரிக்கலம்மா..." என்றார்.

தி.நகர் டப்பிங் தியேட்டரில் என்னோடு குரல் கொடுத்தவர்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் சவுண்ட் இன்ஜினியர். நான் உயிரைக் கொடுத்து அழுது முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் வருவார். "மூக்க உறியற சவுண்டு சூப்பரா கீதுமா. டயலாக்தான் காணோம். ஒன் மோர்!"

தெரியாதவர்களுக்கு... சரியான பாட்டுப் பைத்தியம். ஒரு பாட்டைக்கூடத் தள்ளாமல் கேட்கும் ஆல்பம் எது எது என்று இங்கே ஆளாளுக்குப் போஸ்ட் போடுகிறோமே, அவர் கணக்கில் உலகத்திலேயே நாலுதான் தேறியது. ஒரு நாகஸ்வர கேசட். ஒரு ஜாஸ் ரெக்கார்டு. ஒரு மெட்டல் ராக் சிடி. அப்புறம் ஒரு கானா கேசட், பட்டினப்பாக்கத்தில் அவரோடு வளர்ந்தவர்கள் சாவு வீடுகளில் பாடியது.

இந்த நாலையும் அவர் முழுசாகக் கேட்டதே கிடையாது. கடைசிப் பாட்டு தொடங்குவதற்குள் பட்டென்று நிறுத்திவிடுவார்.

"கொறையே இல்லன்னா கண்ணு பட்டுடும்மா. கொழந்த கன்னத்துல மை வெக்கறோம்ல, அத்த மாதிரி. ஒண்ணு மிச்சம் கெடக்கட்டும்."

"கேக்காமலே அது நல்லாயிருக்கும்னு எப்படிண்ணா தெரியும்?"

"கேட்டாதாமா கொறை தெரியும்!" சிரித்துவிட்டு, கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னார். "பாட்டு மிச்சம் கீதுன்னா ஆளும் இருப்பான்மா."

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

போன தீபாவளி கழிந்து ஒரு வாய்ஸ் நோட். "மெட்டல் சிடிய முடிச்சிட்டேன்மா. கடைசி வரைக்கும்." ஒரு சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு ஷூட்டுக்கு ஓடினேன்.

பொங்கலுக்கு முன்னால் ஜாஸ் முடிந்தது. "இன்னாண்ணா திடீர்னு?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். "சும்மா. அலமாரிய ஒழிச்சிக்கினு கீறேன்" என்றார்.

மூன்றாவது வாய்ஸ் நோட்டில் பேச்சே இல்லை. நாகஸ்வரம் ஓய்ந்த பிறகு வெறும் டேப் ஓடும் உஸ்ஸென்ற சத்தம்... ரொம்ப நேரம்.

மிச்சம் கானா கேசட் ஒன்றுதான். அது என்னிடம் இருந்தது. முன்பு வீடு மாறும்போது அவரே கொண்டுவந்து கொடுத்தது. "நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கேட்டால் சுகர் என்றார்.

"அந்த கேசட்ட எடும்மா."

"நீங்களே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாராம்?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் கை தானாகப் போய் பீரோவைப் பூட்டியது. சாவியை எடுத்து ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பயமாக இருந்தது எனக்கு, அதுதான் நிஜம்.

காபி குடித்தார். பாதிதான் இறங்கியது. கேட் வரை போய்விட்டுத் திரும்பினார். "கில்லாடிமா நீ. பத்திரமா வெச்சிக்க."

இன்றைக்கு அக்கா சொல்கிறார், "டாக்டரு தீபாவளியப்பவே கைய விரிச்சிட்டாரும்மா. உங்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வருகிறது அண்ணா. ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனா... தெரியாது. இன்னும் இரண்டு பூட்டு போட்டிருப்பேன்.

பீரோ பூட்டியபடியேதான் இருந்தது. சாவி என்னிடம்தான். பாட்டு மிச்சம் இருக்கிறது. ஆளைத்தான் காணோம்.

அக்கா பழைய டேப் ரெக்கார்டரைத் துடைத்து வைத்திருக்கிறாராம். "சீக்கிரம் வாம்மா. அவரு காதுகிட்ட வெச்சிப் போட்டுட்டுதான் எடுக்கணும்."

அடையாறு பாலம் தாண்டி ஆட்டோவில் போய்க்கொண்டே இதை டைப் செய்கிறேன். கேசட் மடியில் இருக்கிறது. அந்தக் கடைசிப் பாட்டில் என்ன இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

மத்தியானம் எடுக்கிறார்கள். மயிலாப்பூர் வீடு தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

அண்ணா... எடுத்துக்கிட்டு வரேன். இந்தத் தடவை மாட்டேன்னு சொல்ல மாட்டேன்.