தலை எண்ண வந்த நாள்

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இந்தப் பெருமையை இன்றைக்கும் நான் யாரிடமும் குறைத்துச் சொல்வதில்லை.

சமணமலைக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கே ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடம் ஒன்று, இரண்டு வாத்தியார்கள். இரண்டாவது வாத்தியார் என் தாய்மாமா. பிள்ளைகள் குறைந்தால் இரண்டாவது வாத்தியாரைத் தூக்கி வேறெங்காவது போட்டுவிடுவார்கள் என்று வீட்டில் பேச்சு. நான் ஆடு மேய்க்கிறவள். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்குக் கீழே முளைக்கிற புல்லைத்தான் நம் ஆடுகள் விரும்பித் தின்கின்றன என்று அம்மாவை நம்ப வைத்திருந்தேன்.

ஒருநாள் விடியற்காலையில் மாமா ஓடி வந்தார்.

"அக்கா, இன்ஸ்பெக்டர் வாராரு. இவள அனுப்பு."

"பள்ளிக்கூடத்துக்குப் பிள்ள வேணும்னா கல்யாணம் பண்ணிப் பெத்துக்கடா. ஆட்ட யாரு பத்துறது?"

"தல குறஞ்சா ஒந்தம்பி ராமநாதபுரத்துப் பொட்டல்ல கெடப்பான். பரவாயில்லயா?"

அம்மா சீப்பை எடுத்தாள். எண்ணெய் நெற்றியில் வழிய வழிய வாரிவிட்டாள்.

மாமா விட்ட வீடு இல்லை. பருத்தி எடுக்கப் போகிறவள், சாணி அள்ளுகிறவள், எல்லாரும் வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வந்தாள். "அவனையும் ஒண்ணாப்புல உக்கார வையி" என்றார் மாமா. எனக்கு ஒரு சிலேட்டுக் கிடைத்தது. பலகையில் இருந்த 'அ'வைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். என்னுடையது கொஞ்சம் படுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் பெல்பாட்டம் போட்டிருந்தார். பேனா முனையால் ஒவ்வொரு தலையாகத் தட்டி எண்ணினார். என் தலையிலும் தட்டினார். சிலிர்த்துப் போனது. "அட, ஊர்ல ஒரு பொம்பளப்புள்ளகூட பாக்கியில்லாம படிக்குதே!" என்றார். இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நானே எண்ணெய் வைத்துக்கொண்டு போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். மாமா குனிந்து, "நேத்து வந்தது போதும் தாயி. ஆட்டப் பாரு" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சிலேட்டை உருவினார். எழுந்து வெளியே வந்ததுகூட நினைவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஜன்னலுக்குக் கீழே ஆடுகளோடு நின்றேன். ஒரு டீச்சரம்மா பை நிறையப் புதுச் சிலேட்டுகளோடு வந்து மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார். படிக்காத பெண்பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறாராம்.

"உங்க ஊரச் சேர்க்கல சார். இன்ஸ்பெக்டர் கணக்குப்படி பள்ளிக்கூடம் போகாத பொண்ணு இங்க ஒருத்திகூட இல்லயாமே! அடுத்த ஊருக்கு வழி கேக்கத்தான் நின்னேன்."

ஒருத்திகூட இல்லையா? கம்பும் கையுமாக நான் நிற்கிறேனே!

"நான் இருக்கேன் டீச்சர்" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பினார். "நீ பள்ளிக்கூடத்துக்கே போனதில்லயா பாப்பா?"

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. அதை நான் எங்கே கவனித்தேன்! போனதில்லையா என்று என்னைப் பார்த்து ஒருத்தி கேட்கிறதா?

"போயிருக்கேன். மொத வரிச" என்றேன்.

"அப்புறம் என்ன!" என்று அவர் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார். பைக்குள் சிலேட்டுகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. மாமா என் பக்கம் திரும்பவேயில்லை. சரியாகப் பதில் சொன்னவளை ஏன் பாராட்டவில்லை என்று எனக்குக் கோபம்.

இன்ஸ்பெக்டரின் பேனா என் தலையைத் தொட்ட அன்றைக்கே என் சிலேட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.