மூன்று என்று சொன்னவன் நான்

என் மனைவி மீனாட்சி எழுதியதில் பிழை எதுவும் இல்லை. பிழையாகப் படித்தவன் நான். அந்தப் பிழையால் அவளுடைய அக்காள் தெய்வானை செத்துப்போனாள். பழி மட்டும் மீனாட்சியின் தலையில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்!

இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை...

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அரண்மனையைச் சேர்ந்த பழைய கட்டடம் ஒன்றில் ஓலைச்சுவடிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றைத் துடைத்து, அடுக்கி, படித்து, காகிதத்தில் படியெடுத்துச் சென்னையிலுள்ள பெரிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குத் தொண்டர்கள் தேவை என்று அறிவித்தார்கள். சம்பளம் கிடையாது.

நான் இண்டர்மீடியட்டில் தோற்று வீட்டில் இருந்த காலம் அது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கச் சம்பளமில்லாத வேலையானாலும் போதும் என்றிருந்தது எனக்கு.

பொறுப்பிலிருந்த அலுவலர் நல்ல மனிதர். வரிசையில் நின்ற எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"ஏடு படிக்க வருமா தம்பி?"

வராது என்றவர்களைத் துடைக்கும் வேலைக்கு அனுப்பினார். நான் "வரும்ங்க" என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பாதி வரும். நீங்கள் ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். எண்களும் எழுத்தின் உருவிலேயே வரும். பழகியவனுக்கு அது ஓடும். எனக்கு ஓடவில்லை. ஓடாத இடங்களை என் கற்பனையால் நிரப்பினேன். ஓசை எனக்கு இயல்பாக வந்தது; பாட்டு எப்படி முடியும் என்று ஊகிக்கத் தெரிந்தது. அந்தச் சாமர்த்தியம்தான் என்னைக் கெடுத்தது!

அலுவலர் எங்களுக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தார். படிக்க முடியாத இடத்தில் புள்ளிகள் வைத்துவிட்டு மேலே போக வேண்டும். மற்றவர்கள் படியெடுத்த தாள்களில் புள்ளிகள் நிறைந்திருக்கும். என் தாளில் ஒரு புள்ளிகூட இருக்காது. அதைப் பார்த்து அவர் பூரித்துப்போவார். அவர் பூரிக்கப் பூரிக்க, புள்ளி வைக்கும் உரிமையை நான் இழந்துகொண்டே வந்தேன்.

நான் படிக்க, எதிரே உட்கார்ந்து எழுதியவள் மீனாட்சி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சனிக்கிழமைதோறும் தொண்டுக்கு வருவாள். அச்சடித்ததுபோல் எழுத்து. ஒரு சொல் காதில் சரியாக விழாவிட்டாலும் பேனாவை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்பாள். அவள் காதில் தவறாக விழுந்த சொல் எதுவும் இல்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மருத்துவச் சுவடி ஒன்று வந்தது. தோல்நோய்களுக்கான லேகியம். அளவு மீறினால் நஞ்சாகிவிடும் சேராங்கொட்டை இத்தனை பங்கு என்று வரும் இடத்தில் பூச்சி அரித்திருந்தது. எண்ணின் மேற்பாதி இல்லை; மீதிக் கோடும் மங்கியிருந்தது. எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி, கரி பூசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. முந்தைய வரியில் மூன்று என்று இருந்தது. இங்கும் மூன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றிற்று.

"சேராங்கொட்டை மூன்று பங்கு" என்றேன்.

அவள் எழுதினாள்.

எழுதி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்க அக்காவுக்குக் கரப்பான் சார். ஒடம்பெல்லாம் வெடிச்சுத் தண்ணியா வடியுது. வருசக்கணக்கா வீட்டை விட்டு வெளிய வாரதில்ல. இதைச் செஞ்சு குடுத்துப் பாக்கலாமா?"

அப்போதாவது எனக்கு உடம்பு நடுங்கியிருக்க வேண்டாமா? இல்லை... பெருமையாக இருந்தது! "தாராளமா டீச்சர்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சென்னையிலிருந்து பண்டிதர் ஒருவர் வேலையைப் பார்வையிட வந்திருந்தார். "நமக்குக் கெடைச்ச முத்துங்க இவரு. ஒரு புள்ளி வைக்கமாட்டாரு" என்று அலுவலர் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். நிரந்தர வேலைக்கு என் பெயரைப் பரிந்துரைப்பதாகவும் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து மீனாட்சி வந்து நின்றாள்.

"சார், குளத்தூர் வைத்தியர்கிட்டக் காமிச்சோம். மூணு பங்கு கூடுதலாப் படுதுன்னு சொல்றாரு. நான் எழுதினதை ஏட்டோட ஒருக்கா ஒத்துப் பாத்துச் சொல்றீங்களா?"

சுவடி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கயிற்றை அவிழ்த்தால் பூச்சியரித்த இடம் தெரியும். பண்டிதர் பக்கத்திலேயே நிற்கிறார்.

"சரியாத்தான் இருக்கு டீச்சர். நேத்தே ஒத்துப் பாத்துட்டேன்."

இப்படித்தான் சொன்னேன். படித்தபோது செய்தது அசட்டை என்று யாராவது என்னை மன்னிக்கலாம். இதை என்னவென்று மன்னிப்பீர்கள்?

வைத்தியர் மருந்து செய்ய மறுத்துவிட்டாராம். ஏடு சொல்கிறதே என்ற நம்பிக்கையில் வீட்டிலேயே செய்தார்கள். தெய்வானையின் முகமும் தொண்டையும் வீங்கின. சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. நான் அவளை உயிரோடு பார்த்ததே இல்லை. பாடையில்தான் பார்த்தேன்...

பண்டிதர் இன்னும் ஊரில்தான் இருந்தார். செய்தி கேட்டுச் சுவடியைக் கேட்டு வாங்கினார். எண்ணெய் தடவி, கரி பூசி, ஜன்னலோரம் பிடித்தார்.

"ஒரு பங்குன்னுதானே இருக்கு. மூணுன்னு எழுதினது யாரு?"

மீனாட்சியின் அப்பாவும் அங்கே இருந்தார். அலுவலர் இருந்தார். எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். தாளில் இருந்தது அவள் கையெழுத்து!

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒண்ணுன்னுதான் சொன்னீங்களா சார்? என் காதுலதான் மூணுன்னு விழுந்துச்சா?"

அவள் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் காதைத்தான் சந்தேகித்தாள்.

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"நேத்தே ஒத்துப் பாத்தேன்னு அன்னைக்குச் சொன்னேனே, அது பொய் டீச்சர். நான் பாக்கல. ஒங்க எழுத்து மேல இருந்த நம்பிக்கையில சரின்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடதுந்தான்."

எவ்வளவு நேர்த்தியான பொய் பார்த்தீர்களா! சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு பெரியதை அவள் மடியில் வைத்துவிட்டேன். அலுவலர் கண் கலங்கிவிட்டார். அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன தம்பி செய்வீக, எழுதினது எம்புள்ளைல்ல" என்றார். மீனாட்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூடப்பிறந்தவளையே கொன்ற கை என்று ஊரில் பேசினார்கள். வந்த வரன்கள் நின்றுபோயின. உறவுமுறையும் ஒத்துவந்ததால் நானே போய்ப் பெண் கேட்டேன். அது பரிகாரமா, அவள் எப்போதாவது எதையாவது நினைவுகூர்ந்து வேறு யாரிடமும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளும் தந்திரமா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஊரார் என்னைப் பெருந்தன்மைக்காரன் என்றார்கள். வேலையும் நிரந்தரமாயிற்று.

அதன் பிறகு முறையாகக் கற்றுக்கொண்டு இன்று ஏட்டை உண்மையாகவே படிக்கிறேன். என் தாள்களில் இப்போது புள்ளிகள் மண்டிக் கிடக்கின்றன. அதனால் யாருக்கு என்ன?

மீனாட்சி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். கரும்பலகையில் எழுதப் பயம். வீட்டில் பால் கணக்குகூட எழுதமாட்டாள். தாய் வீட்டுக்குக் கடிதம் போட வேண்டுமானால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒவ்வொரு கடிதத்திலும், "அவுக என்னைய நல்லா வச்சிருக்காகன்னு எழுதுங்க" என்கிறாள். என் கையாலேயே அதை எழுதுகிறேன்!

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வாயெடுக்கிறேன். ஆரம்பத்தில் வேலை போய்விடுமே என்று அஞ்சினேன். பிறகு அவள் போய்விடுவாளே என்று அஞ்சினேன். இப்போது அஞ்சுவது வேறொன்றுக்கு... இத்தனை ஆண்டுகளாக நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று அவள் என் எதிரே உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பாளே, அந்த முகத்துக்கு அஞ்சுகிறேன். எங்கே போய் ஒளிவது? இருப்பது ஒரே வீடு.

போன மாதம் நான் வேலை பார்க்கும் அதே சுவடிக் கட்டடத்தில் மறுபடி தொண்டர்களைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் செல்வி, கல்லூரியில் படிப்பவள், ஆசையாக வந்து விசாரித்தாள். நான் வாய் திறக்குமுன் மீனாட்சி சொன்னாள்.

"போ தாயி, நல்ல வேலைதான். ஆனா எழுதுற வேலை மட்டும் வேணாம். கை ஒருக்காத் தப்பிட்டா உசுரையே கொண்டுபோயிரும்."

செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் மாமா, அத்தை எதுக்கு இப்படிச் சொல்றாக?" என்று என்னைப் பார்த்தாள்.

மீனாட்சியும் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்ற கெஞ்சல் அவள் கண்களில் இருந்தது. அவளுடைய குற்றத்தை நான் சொல்லிவிடக் கூடாதாம்!

"அத்தைக்கு அதெல்லாம் பயம்மா" என்றேன். அந்தப் பெண் போய்விட்டாள்.

மீனாட்சி அடுப்படியிலிருந்து சோற்றுத் தட்டோடு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க" என்றாள். தட்டை என் முன்னால் வைத்தாள்.

நான் சாப்பிட்டேன்.