அரைமிதி

என்ட இடது கால் நடக்கிற நடைக்கு இப்ப ஒரு பேர் இருக்கு. அரைமிதியாம். பளபளப்பான புத்தகத்தில படம் போட்டு அடிச்சிருக்காங்க. எங்கட ஊர்க் கூத்தில மட்டும் காணப்படுற, தலைமுறை தலைமுறையா வந்த அரிய ஆட்டமுறை எண்டு எழுதிக் கிடக்கு. படத்தில பொம்புள வேசத்தோட நிக்கிறது என்ட மனிசன். நான் அந்தப் புத்தகத்தில எங்கயும் இல்ல. கடைசிப் பக்கத்தில நன்றி சொல்லியிருக்கிற இடத்திலயும் தேடிப் பார்த்தன். எழுத வந்த ஆக்களுக்கு அத்தனை நாள் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனே, அந்தக் கைக்காவது ஒரு வரி எழுதப்படாதா?

நாங்க வாவிக்கு மேற்கால, படுவான்கரை ஆக்கள். எனக்கு அப்ப பதினாறு வயசிருக்கும். வெடிச் சத்தத்துக்கு ஊரே வெளிக்கிட்டு ஓடின ஒரு நாள். தலையில மூட்டையோட வயல்வட்டை வரம்பால ஓடக்குள்ள வாய்க்காலுக்குள்ள விழுந்து கணுக்கால் முறிஞ்சிற்று. பெரியாசுபத்திரி வாவிக்கு அங்கால. அண்டைக்கு இருந்த நிலைமையில தோணி எடுக்க ஒருத்தரும் துணியல்ல. ஒரு கிழமை கழிச்சு, இடம்பெயர்ந்து கிடந்த இடத்தில ஒரு முறிவு வைத்தியர் எண்ணெய் பூசிக் கட்டிவிட்டார். எலும்பு பொருந்தினதுதான், ஆனா கோணலாப் பொருந்தினது.

அண்டையில இருந்து என்ட இடது குதிக்கால் முழுசா நிலத்தில படாது. முன்பாதத்த வைச்சு, ஒரு கணம் நிண்டு, இடுப்ப லேசா வெட்டித்தான் மற்றக் கால எடுக்கோணும். பள்ளிக்கூடத்தில நொண்டி எண்டாங்க. சந்தையில பாவம் எண்டாங்க. ரெண்டில எது மோசம் எண்டு என்னட்டக் கேட்டா, பாவம்தான். நொண்டி எண்டு சொன்னவளத் திருப்பி ஏசலாம். பாவம் எண்டு சொல்றவளுக்கு என்னத்தச் சொல்ற?

எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொண் வீட்டுக்கு வாற. வீடும் வளவும் பொண்ணுக்கு. எனக்கு வளவோட ஒரு துண்டு வயலும் சேர்த்துத் தந்தாங்க, அது காலுக்காகத் தந்தது எண்டு என்ட தங்கச்சி இப்பவும் பகிடி பண்ணுவாள். வந்த மனிசன் ஒரு கூத்துப் பைத்தியம். ஒல்லியான ஆள், மீசைய வழிச்சா வடிவான முகம், குரலும் நல்லம். அடுத்த வருசமே ஊரில கூத்துப் பழகத் தொடங்கினாங்க. எங்கட கூத்தில பொம்புளைகள் களரி, அதுதான் கூத்தாடுற மேடை, ஏறுற வழக்கமில்ல. பொம்புள வேசத்தையும் ஆம்பிளதான் கட்டுற. இவருக்கு ராசாத்தி வேசம் குடுத்தாங்க.

பாட்டு வந்தது. ஆட்டமும் வந்தது. நடைதான் வரல்ல. மத்தளம் அடிச்சுக் கூத்துப் பழக்குற அண்ணாவியார் வாய் கூசாத ஆள். எல்லாருக்கும் முன்னால வைச்சு, "டேய், நீ ராசாத்தியாடா வாறாய், கடாமாடா வாறாய்?" எண்டு கேட்டிருக்கார். மனிசன் அண்டைக்குச் சோறும் தின்னாம குசினி வாசல்ல குந்திக் கொண்டிருந்தார். நான் கிணத்தடியில இருந்து இடுப்பில குடத்தோட வாறன்.

"இஞ்சே, நில்லு. திரும்பப் போயிற்று வா" எண்டார்.

எனக்கு வந்த கோவத்துக்குக் குடத்த டொக்கெண்டு கீழ வைச்சன். "ஏன், நொண்டுறதப் பார்க்க உங்களுக்கும் பகிடியா இருக்கா?"

"இல்லகா. சத்தியமா இல்ல. நீ அந்தக் கால வைச்சுப் போட்டு ஒரு நிப்பு நிக்காய் பாரு, அது வடிவாயிருக்கு."

கால் முறிஞ்ச நாளில இருந்து அதப் பார்த்து வடிவெண்டு சொன்ன ஒரே ஆள் அவர்தான். கோவம் எங்க போச்செண்டு தெரியாது. குடத்தத் தூக்கிக் கொண்டு திரும்பவும் நடந்தன். பிறகும் நடந்தன். அந்த ஒரு சொல்ல வைச்சுக் கொண்டுதான் நான் இந்த மனிசனோட முப்பது வருசம் குடும்பம் நடத்தினன். இது பொய்யில்ல.

பத்துப் பன்னிரண்டு நாள் எங்கட வளவுக்குள்ள இதுதான் வேலை. நான் முன்னுக்கு, அவர் பின்னுக்கு. அவருக்கு என்னதான் செய்தும் குதிக்கால் போய் நிலத்தில குந்திரும். நல்ல கால்தானே, அதுக்கு என்ன தெரியும்? மறுகா நான் ஒரு வேலை செய்தன். ஒரு புளியங்கொட்டைய எடுத்து, அவர்ட இடது குதிக்காலுக்குக் கீழ வைச்சு, பழஞ்சீலைத் துண்டால இறுக்கிக் கட்டிவிட்டன். "இப்ப ஊண்டிப் பாருங்க" எண்டன். ஊண்டினார், அம்மோய் எண்டு கத்தினார். அதோட நடை வந்திற்று.

அண்ணாவியார் அந்த நடையக் கண்டு மத்தளத்த நிப்பாட்டிப் போட்டுச் சிரிச்சாராம். பிறகு அந்தக் காலுக்காக மத்தள அடியில ஒரு அரைத் தட்டு நேரம் பொறுத்து வாசிக்கத் தொடங்கினார். "எங்கடா எடுத்தாய் இந்த நடைய?" எண்டு கேட்டதுக்கு இவர், "வீட்ட இருந்துதான் எடுத்தன்" எண்டிருக்கார். எல்லாரும் சிரிச்சாங்களாம். வந்து அதையும் எனக்குச் சொன்னார். அரங்கேற்றத்தில இவர் ராசாத்தியா வந்து அந்த நிப்பு நிக்க, களரியச் சுத்தி இருந்த சனம் ஊ எண்டு கூவினது. நான் பொம்புளைகளுக்குள்ள இருந்து பார்த்துக் கொண்டிருந்தன். ஊரே என்ட காலுக்குக் கை தட்டுது, அது எனக்கு மட்டும் தெரியும்.

எனக்கும் ஆட ஆசை இருந்தது. ஏன் மறைக்கோணும்? ராசாத்தியிட பாட்டு முழுக்க எனக்குப் பாடம். வயலுக்குள்ள களை பிடுங்கக்குள்ள நான்தான் பாடுற, மற்றப் பொம்புளைகள் பின்பாட்டு. ஒருக்கா அண்ணாவியாரிட்ட விளையாட்டுப் போலக் கேட்டன். "பொம்புள களரி ஏறினா ஊர் என்ன கதைக்கும் மனே?" எண்டார். நல்ல மனிசன்தான், அவருக்கும் அதுக்கு மேல சொல்லத் தெரியாது. நானும் விட்டுட்டன். அவர் செத்தும் கன வருசமாச்சு.

அதுக்குப் பிறகுதான் இந்த மரபுரிமை எங்கட வாசலுக்கு வந்தது. வெள்ளை வான், கமரா, குடை மாதிரி ஒரு லைட், எல்லாத்துக்கும் பொறுப்பா ஒரு மிஸ். நல்லாப் படிச்ச பிள்ள, மரியாதையான பிள்ள. எனக்கு அவளில கோவமில்ல எண்டு சொல்லத்தான் ஆசை. மனிசன வேட்டி கட்டி முற்றத்தில இருத்தினாங்க. அவருக்கு வாயெல்லாம் பல்லு.

"ஐயா, உங்கட அந்த நடை யாரிட்ட இருந்து வந்தது?" எண்டு மிஸ் கேட்டா.

நான் தேத்தண்ணித் தட்டோட வாசல்ல நிக்கிறன். மனிசன் என்ன ஒருக்காப் பார்த்தார். பிறகு கமராவப் பார்த்தார். "அது எங்கட அண்ணாவியார் தந்தது. அவருக்கு அவர்ட பாட்டன் காட்டிக் குடுத்தது" எண்டார். மிஸ்ஸுக்கு முகம் மலர்ந்து போச்சு. அப்பிடியே எழுதினா. செத்த மனிசன்ட தலையில போட்டா ஒழும்பி வந்து இல்லையெண்டா சொல்லப் போறார்?

வான் போன பிறகு கேட்டன், "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"அப்ப என்னத்தச் சொல்ல? பொண்டாட்டிட நொண்டிக் காலப் பார்த்துப் பழகினன் எண்டு கமராவுக்கு முன்னால சொல்லவா? அவங்க பழசத் தேடி வாறாங்க. பழசு எண்டாத்தான் மதிப்பு."

முப்பது வருசத்தில அந்தச் சொல் அவர்ட வாயில இருந்து வந்ததே இல்ல. அண்டைக்கு எவ்வளவு லேசா வந்தது தெரியுமா? தேத்தண்ணிக் கோப்பையளக் கழுவப் போயிட்டன்.

பிறகு மிஸ் இன்னொரு செய்தி கொண்டு வந்தா. இந்த முறை பொம்புளைகளும் ஆடப் போறாங்களாம். நாவற்குடாப் பக்கம் ஒரு மண்டபத்தில சனிக்கிழமைகளில கூத்துப் பழக்கம். இவர்தான் பழக்கிக் குடுக்கிற வளவாளர். கூத்துக்காரன்ட பொண்டாட்டியா இவ்வளவு காலம் காத்துக் கிடந்தது இதுக்குத்தானே? "நானும் வரட்டா மிஸ்?" எண்டு கேட்டன். "ஐயோ, வாங்கம்மா, உங்களப் போல ஆக்கள்தான் வேணும்" எண்டா. மனிசன் மட்டும் ஒழும்பிக் கிணத்தடிப் பக்கம் போனார்.

நல்ல சீலையா உடுத்துக் கொண்டு போனன். டவுன் புள்ளைகள் பன்னிரண்டு பேர், துப்பட்டாவ இடுப்பில கட்டிக் கொண்டு நிக்காளுகள். இவர் நடந்து காட்ட அவளுகளும் நடந்தாளுகள். என்ட முறை வந்தது. நான் ராசாத்தியிட வரவுப் பாட்ட எடுத்தன். பாட்டக் கேட்டு எல்லாரும் கதைக்கிறத நிப்பாட்டிட்டாங்க. பாடிக் கொண்டே ஆடினன். கால் தானாப் போனது. அதுக்குப் பழக்கவா வேணும்? அரை வட்டம் வந்து கிறுகித் திரும்பக்குள்ள மிஸ் கையத் தட்டினா.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. குரல் அருமையா இருக்கு. ஆனா அரைமிதி அப்பிடி இல்ல. ஐயா செய்றத வடிவாப் பாருங்க, அதில ஒரு நளினம் இருக்கு. நீங்க செய்யக்குள்ள நொண்டுற மாதிரித் தெரியுது." பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "என்னய்யா, நான் சொல்றது சரிதானே?" எண்டு கேட்டா.

எல்லாரும் அவரப் பார்த்தாங்க. நானும் பார்த்தன். ஒரு சொல்லுத்தான் எனக்கு வேணும். "இது அவட நடை, நான் அவட்டத்தான் எடுத்தன்" எண்டு. வேற ஒண்டும் வேணாம், பிறகு என்ன வெளியில போகச் சொன்னாலும் போயிருப்பன். மனிசன் தோளில கிடந்த துவாய எடுத்து உதறி, மடிச்சு, திரும்பவும் தோளில போட்டார்.

"ஓம் மிஸ். அவ கால் கொஞ்சம் ஏலாத ஆள்" எண்டார். என்ன ஒரு கதிரையில இருந்து பார்க்கச் சொன்னாங்க. இருந்து பார்த்தன்.

வரக்குள்ள பஸ் பாலத்தில ஏறினது. கீழ வாவியில வலை போட்டுக் கொண்டு ரெண்டு தோணி நிண்டது. "புளியங்கொட்ட ஞாபகம் இருக்கா?" எண்டு கேட்டன். அவர் தண்ணியப் பார்த்துக் கொண்டே, "சனத்துக்கு முன்னால என்னத்தகா சொல்ல?" எண்டார்.

அவர்ட பக்கம் எனக்கு விளங்காம இல்ல. பொம்புள வேசம் கட்டின ஆம்பிளைய ஊர் எப்பிடியெல்லாம் பழிச்சது எண்டு நான் கண்டவள். சந்தியால போகக்குள்ள இடுப்ப ஆட்டிக் காட்டுவாங்க. இந்த வயசிலதான் ஐயா எண்டு கூப்பிட நாலு பேர் வந்திருக்காங்க. விளங்குது. விளங்கினபடியாத்தான் இன்னும் வயிறு எரியுது. தெரியாதவன் செய்தா ஏசிப் போட்டு இருக்கலாம்.

விழாவுக்குப் போறதில்ல எண்டுதான் இருந்தன். மகள் வந்து, "அப்பாக்குப் பொன்னாடை போடுறாங்க, நீங்க வராட்டி ஆக்கள் என்ன நினைப்பாங்க?" எண்டு இழுத்துக் கொண்டு போனாள். டவுனில பெரிய மண்டபம், பின்னேரம் நாலு மணி. முன்வரிசையில கோட்டுப் போட்ட ஆக்கள். நான் மூணாம் வரிசை. மத்தளம் அடிக்க அந்தப் பன்னிரண்டு புள்ளைகளும் வரிசையா வந்தாளுகள். பன்னிரண்டு நல்ல கால், பன்னிரண்டும் என்னப் போல நொண்டினது. அழுகிறதா சிரிக்கிறதா எண்டு தெரியல்ல. அதுக்குள்ளயும் கண் பிழை பார்க்குது, என்ன செய்ய? மற்றவளுகளுக்கு அவசரம். மூணாவதா வந்த புள்ள மட்டும் கால வைச்சு ஒழுங்காப் பொறுத்தாள். மண்டபம் முழுக்கக் கைதட்டு. முன்னால இருந்த ஒரு பெரிய மனிசன் தலைய ஆட்டி ஆட்டி ரசிச்சார்.

மனிசனுக்குப் பொன்னாடை போட்டாங்க. அதோட முடிஞ்சிருக்கலாம். ஒலிபெருக்கியில, "ஐயாவின் வெற்றிக்குப் பின்னால் நிற்கும் துணைவியாரையும் மேடைக்கு அழைக்கிறோம்" எண்டாங்க. பின்னால நிக்கிறனாம். நான் முன்னால நடக்க அவர் பின்னால வந்தது இவங்களுக்கு எங்க தெரியும்?

ஒழும்பினன். கைபிடியப் பிடிச்சுப் படி ஏறினன். அந்தப் பெரிய பலகை மேடையில மனிசன் அங்கால் ஓரத் தொங்கல்ல நிக்கார், நான் இஞ்சால் தொங்கல்ல. எனக்குள்ள வரவுப் பாட்டு தானா ஒழும்பிற்று. சரி, வாறது வரட்டும் எண்டு நினைச்சன். முதுக நிமித்தி, இடது முன்பாதத்த வைச்சு, அந்த நிப்ப நிண்டு, இடுப்ப வெட்டி மற்றக் கால எடுத்தன். மண்டபம் அமைதியாகிப் போச்சு. இப்ப கண்டு பிடிப்பாங்க எண்டு நினைச்சன். இப்பதானே பன்னிரண்டு பேருக்குக் கை தட்டினாங்க? ரெண்டாவது அடி. மூணாவது அடி. முன்வரிசையில ஒரு பொம்புள, "ச்சூ, பாவம்" எண்டது எனக்குத் தெளிவாக் கேட்டது.

நாலாவது அடி வைக்க முதல் ஆரோ சதங்கை குலுங்க ஓடி வந்து என்ட முழங்கையப் பிடிச்சாங்க. பார்த்தா அந்த மூணாவது புள்ள. "மெதுவா அம்மா, பாத்து" எண்டு சொல்லிப் போட்டு, உள்ளுக்குப் பார்த்து, "கெதியா ஒரு கதிரை கொண்டு வாங்க, அம்மாக்குக் கால் ஏலாது" எண்டு கூப்பிட்டாள். மனிசன் பொன்னாடையோட நிண்டு என்ட காலையே பார்த்துக் கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அந்த மண்டபத்தில அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அண்டைக்கு எடுத்த படம் இப்ப வீட்டில தொங்குது. அவர் நிக்கார், நான் கதிரையில இருக்கன்.

என்ட வாழ்நாளில நான் களரி ஏறினது அந்த ஒரு நாள்தான். நடக்க வேணாம் எண்டு கதிரை போட்டுத் தந்தாங்க.